கவலையில இருந்து கம்ப்ரஸர் வரைக்கும்: பசங்களுக்கு ஒரு கிணத்து பாடம்

இன்ஜினியரிங்னா என்னன்னு பசங்ககிட்ட கேட்டா ராக்கெட், ரோபோ, புல்லட் ட்ரெயின்னு சொல்றாங்க. புக்லயும் பேரு, வருஷம், ஒரு படம், அதோட முடிஞ்சுருது. அந்த மிஷின் வந்தப்புறம் ஊர்ல யாரோட பொழப்பு எப்படி மாறுச்சுங்கற கேள்வி வரவே மாட்டேங்குது, எனக்கு அதுதான் பெரிய கேள்வியா படுது. அதனால ஞாயித்துக்கிழமை வர்ற பசங்களுக்கு எங்க கோயமுத்தூர் பக்கத்து கிணத்தை வெச்சே இதை சொல்லித்தர ஆரம்பிச்சிருக்கேன்.

முதல்ல கவலை, அதாவது எருது பூட்டி கிணத்துல இருந்து தண்ணி இறைக்கற முறை. மோட்டார் இல்லாத காலத்துல இவ்வளவு ஆழத்துல இருந்து தண்ணி எப்படி வந்துச்சுன்னு கேட்டா பசங்க வாளி, கயிறுன்னுதான் சொல்லுவாங்க. பெரியவர் ஒருத்தரை கூட்டிட்டு வந்து பேச சொன்னேன். கிணத்து மேட்டுல இருந்து சரிவா வெட்டின பாதை, அதுல ரெண்டு எருது கீழ இறங்கினா வடம் உருளை மேல ஓடி தோல்ல தெச்ச சால், அதாவது தண்ணி அள்ளற பை, மேல வரும், சாலுக்கு அடியில தும்பிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் இருக்கும், அதை இழுத்துப்பிடிக்க தனியா வால் கயிறு, மேல வந்ததும் தண்ணி தானா வாய்க்கால்ல கொட்டிரும். எருது இறங்கறப்போ ஓட்டறவர் வடத்து மேலயே உக்காந்துக்குவார், அவர் வெயிட்டும் சேர்ந்து இழுக்கும். "அப்பாரு, அப்புறம் எருது திரும்பி மேல வருமுங்களா?"ன்னு ஒரு பொண்ணு கேட்டா. "திரும்பாது கண்ணு, பின்னாலயே நடந்து மேல ஏறும், அப்படி பழக்கி வெச்சிருப்போம்"னார். சரிவு எதுக்கு, உருளை எதுக்கு, ஆள் ஏன் வடத்துல உக்காரணும்னு அங்கயே பிசிக்ஸ் பாடம் நடந்துருச்சு.

ஆனா அதோட நிறுத்தக்கூடாது. அந்த தோல் சாலை தெச்சது யாரு? அருந்ததியர் ஜனங்க. தோலை பதப்படுத்தி, தெச்சு, கிழிஞ்சா ஒட்டுப்போட்டு குடுத்தாங்க, அதுக்கு கூலியா தானியம் அளந்தாங்க, அவங்க கை வேலை இல்லாம ஒரு காடு தோட்டமும் விளைஞ்சிருக்காது, ஆனா அவங்களை தள்ளித்தான் வெச்சிருந்தாங்க. இதையும் பசங்களுக்கு சொல்லித்தான் ஆகணும்னு நினைக்கறேன். தொழில்நுட்பத்தை மட்டும் சொல்லிட்டு அதை செஞ்ச கையை விட்டுட்டா அது பாதி வரலாறு.

அப்புறம் ஆயில் இன்ஜின், அதுக்கப்புறம் கரண்ட். 1932ல நீலகிரி பைக்காராவுல மின் நிலையம் வந்துச்சு, தண்ணி 3000 அடிக்கு மேல உயரத்துல இருந்து குழாய்ல இறங்கி டர்பைனை சுத்துது. அந்த கரண்ட் கோயமுத்தூருக்கு வந்ததும் வரிசையா பஞ்சு மில்லுங்க, மில்லு வந்ததும் அதுக்கு ரிப்பேர் பாக்க பட்டறைங்க, பட்டறையில இருந்து மோட்டார், பம்ப். 1937ல ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து இங்கயே மோட்டார் செஞ்சாங்க. மலை மேல ஒரு மின் நிலையம் வந்ததுல ஒரு ஊரோட தொழிலே மாறினதை பசங்க மேப்ல கோடு போட்டு பாக்கறப்போ ரொம்ப நல்லா பிடிச்சுக்கறாங்க.

பழைய கிணத்துல பாதி ஆழத்துல திட்டு கட்டி மோட்டார் வெச்சிருப்பாங்க, ஏன் மேலயே வெக்கலைன்னு கேளுங்க. மோட்டார் தண்ணியை உறிஞ்சறதில்லை, காத்தோட அழுத்தம்தான் தண்ணியை மேல தள்ளுது, அதால முழுசா 10 மீட்டர் சுமாருக்கு மேல தள்ள முடியாது, நடைமுறையில 25 அடிதான். மொட்டை மாடியில இருந்து நீளமான டியூப்பை கீழ பக்கெட்ல விட்டு உறிஞ்ச சொன்னா போதும், மூச்சு வாங்கி நிக்கறப்போ தானா புரிஞ்சுரும்.

தண்ணி கீழ போக போக திட்டும் கீழ போச்சு, அப்புறம் போர்வெல், கம்ப்ரஸர். கம்ப்ரஸர் காத்தை கீழ அனுப்பும், குமிழி கலந்த தண்ணி லேசாகி மேல வரும். எங்க பக்கம் அடியில பாறை, தண்ணி இருக்கறது பாறை விரிசல்லதான், மழை இறக்கறதை விட வேகமா இழுத்தா மட்டம் இறங்கத்தான் செய்யும். எருதுக்கு களைப்பு வரும், நிறுத்தித்தான் ஆகணும், மோட்டாருக்கு அது கிடையாது. அதுக்காக மோட்டார் கெட்டதுன்னு நான் சொல்லித்தரலை, விடியக்காலையில எருதோட இறங்கி ஏறின உடம்புகளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலைன்னு அந்த பெரியவரே சொன்னார். ஆனா இழுத்த தண்ணிக்கு அளவு வெக்கற ஏற்பாட்டை மோட்டாரோட சேர்த்து நாம செய்யலை, அந்த வேலை இன்னும் பாக்கி, இந்த பசங்கள்ல யாராவது செய்யணும்னு ஆசைப்படறேன்.

அடுத்தது கிரைண்டர். 1955ல இங்கதான் பொறந்துச்சு, 2006ல புவிசார் குறியீடும் வாங்கிருச்சு. ஆட்டுக்கல்லுல மாவாட்டின நேரமெல்லாம் எங்க போச்சுன்னு அவங்கவங்க வீட்டு ஆத்தாகிட்டயும் அம்மாச்சிகிட்டயும் கேட்டு எழுதிட்டு வர சொல்லியிருக்கேன்.