வாரம் இரண்டு அரை மாத்திரை

பிப்ரவரி 9
எம்ஆர்ஐ முடிவு வந்துவிட்டது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் 22 மி.மீ. கட்டி. ரத்தத்தில் புரோலாக்டின், அதாவது தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன், 1,900. ஆண்களுக்கு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குள் இருக்க வேண்டியது. தலைவலி, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை, இரண்டு பக்கமும் மங்கிப்போன ஓரப்பார்வை எல்லாவற்றுக்கும் வயதைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் எப்போது என்று கேட்டேன். “இந்த வகைக் கட்டிக்கு முதலில் மாத்திரைதான்” என்றார் டாக்டர். பார்வை நரம்பை அழுத்துகிற கட்டி மாத்திரைக்கு அடங்குமா? மனசு ஒப்பவில்லை.

பிப்ரவரி 11
டாக்டர் விளக்கியதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். பிட்யூட்டரியின் மற்ற ஹார்மோன்களைப் பெரும்பாலும் மூளை தூண்டித்தான் சுரக்க வைக்கிறது. புரோலாக்டினை மட்டும் டோபமின் என்ற ரசாயனத்தை அனுப்பி அடக்கி வைத்திருக்கிறது. புரோலாக்டினைச் சுரக்கும் என் கட்டியின் செல்களிலும் டோபமினை ஏற்கும் இடங்கள் உண்டு. எனக்குக் கொடுத்திருக்கும் கேபர்கோலின் மாத்திரை அங்கே போய் உட்கார்ந்து டோபமினின் வேலையைச் செய்கிறது. பழைய மருந்தான புரோமோகிரிப்டினைத் தினமும் சாப்பிட வேண்டும். கேபர்கோலின் உடம்பில் நெடுநேரம் தங்குவதால் வாரத்துக்கு இரண்டு முறை போதும். அரை மில்லிகிராம் மாத்திரையில் பாதி. இரவு சாப்பிட்டபின் போட்டுக்கொண்டு படுக்கப் போகிறேன்.

பிப்ரவரி 12
எழுந்ததும் தலை சுற்றிச் சுவரைப் பிடித்தேன். நாள் முழுக்கக் குமட்டல். வீட்டிலிருந்த குமட்டல் மாத்திரை டோம்பெரிடோனைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, போடும் முன் டாக்டரிடம் கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். டோபமின் உட்காரும் அதே இடத்தை அது அடைத்துக்கொள்ளுமாம். கட்டியே இல்லாதவர்களுக்கும் புரோலாக்டினை ஏற்றிவிடுமாம். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் அப்படித்தான். இந்த மருந்து தொடங்கும் எல்லோருக்கும் முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது.

மார்ச் 3
கதவு நிலை ஓரத்தில் தெரிகிறது! தோள் இடிக்காமல் உள்ளே போனேன். திரும்ப வெளியே வந்து மறுபடியும் போனேன். மூன்று வாரம்தான் ஆகிறது. கண் டாக்டரின் பார்வைப்புலச் சோதனையும் அதையே சொல்கிறது. அழுதுவிட்டேன்.

மார்ச் 20
டோஸ் கூட்டினார்கள். மூக்கிலிருந்து தெளிந்த நீர் ஒழுகினால் சளி என்று விட்டுவிடக் கூடாதாம். கட்டி எலும்பை அரித்திருந்தால், அது சுருங்கும்போது அடைபட்டிருந்த ஓட்டை திறந்து மூளையைச் சுற்றியுள்ள திரவம் கசியலாம். சிலருக்கு இந்த மருந்து சூதாட்டம், கண்மண் தெரியாத செலவு போன்ற வேகங்களைக் கிளப்பிவிடும் என்பதால் மனைவியையும் கவனிக்கச் சொன்னார். நமக்கே தெரியாமல் நாம் மாறலாம் என்பது பயமாக இருக்கிறது. எது தெரிந்தாலும் தயங்காமல் சொல் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

மே 14
புரோலாக்டின் 48.

ஆகஸ்ட் 22
கட்டி இப்போது 13 மி.மீ. அந்த செல்கள் செத்துவிட்டனவா என்று கேட்டேன். பெரும்பாலும் இல்லையாம், புரோலாக்டின் தயாரிக்கும் உள்சரக்கு குறைந்து செல் சிறுத்துப்போகிறது. அதனால்தான் பாதியில் நிறுத்தினால் மீண்டும் வளர்கிறது. குறைந்தது இரண்டு வருடம் சாப்பிட வேண்டும். புரோலாக்டின் அளவு சரியாகவே இருந்து, கட்டியும் அநேகமாக மறைந்துவிட்டால் நிறுத்திப் பார்க்கலாம். அப்போதும் பலருக்குத் திரும்பி வருகிறது. சரி, வருடக் கணக்கில் என்றாலும் சாப்பிடுகிறேன்.

பக்கத்தில் காத்திருந்த பெண்ணுக்கு என்னுடையதைவிடச் சிறிய கட்டிதான். டோஸ் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் புரோலாக்டின் அளவு இறங்கவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். “உங்களுக்கு எவ்வளவு குறைந்தது?” என்று கேட்டார். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.