காது அடைப்புக்கு ஸ்கேன்: சீட்டின் இரண்டாவது வரியை விடாதீர்கள்

சளி போய் இரண்டு மாதமாகியும் இடது காது மட்டும் திறக்கவே இல்லை. குளத்தில் முங்கிக்கொண்டு கேட்பது போலவே இருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். காது அழுத்தச் சோதனையில் கோடு மேடே இல்லாமல் தட்டையாக வந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதாம்.

பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் இப்படி நீர் நின்றால், நடுக்காதிலிருந்து வரும் யூஸ்டேஷியன் குழாய் மூக்குக்குப் பின்னால் திறக்கும் இடத்தைக் கட்டி எதுவும் அடைக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. சீட்டில் இரண்டு வரி: காது எலும்பு சிடி, அதன் கீழே, மூக்கின் பின்புறம், மருந்து ஏற்றி (படம் தெளிவாகத் தெரிய ஊசி வழியாக ஏற்றுவது).

பாண்டிக்கு பஸ் ஏறினேன். ஸ்கேன் சென்டரில் முதல் வரியை மட்டும் படித்து பில் போட்டுவிட்டார்கள். எனக்கும் தெரியவில்லை, படத்தை வாங்கிக்கொண்டு கடலூர் திரும்பிவிட்டேன். டாக்டர் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். குழாய் சுமார் 36 மில்லிமீட்டர் நீளம். காதை ஒட்டிய மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு, மீதி குருத்தெலும்பு. பார்க்க வேண்டிய இடம், குழாய் மூக்குப் பக்கம் திறக்கும் வாய், படத்திலேயே இல்லை!

மறுபடி போனால், "கிரியாட்டினின் ரிப்போர்ட் இல்லாம மருந்து ஏத்த மாட்டோம்" என்றார்கள். சிறுநீரகத்துக்காகக் கேட்பது நியாயம்தான்; முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். மருந்து ஏற்றும் ஸ்கேன் என்றால் ரத்தப் பரிசோதனையை ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது தடவை முழுக் கட்டணம் கேட்டபோது நான் விடவில்லை. "சார், சீட்டுல ரெண்டாவது வரியைப் படிங்க, அன்னைக்கே எழுதியிருக்கு" என்று நின்றேன். மேலாளர் வந்து பாதியைக் குறைத்தார்.

ஸ்கேன் பத்து நிமிடம்தான். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், பயப்பட வேண்டாம்.

ரேடியாலஜி டாக்டர் நல்ல மனிதர், கேட்டதும் திரையில் காட்டினார். மூக்குக்குப் பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சின்னப் பள்ளம், அந்த இரண்டுக்கும் நடுவில் குழாயின் உதடு மாதிரி ஒரு மேடு. இடமும் வலமும் ஒரே மாதிரி இருந்தன. "குழாய் சாதாரணமா மூடித்தான் இருக்கும், முழுங்கினா, கொட்டாவி விட்டா திறக்கும். படத்துல குழாய்க்குள்ள காத்து தெரியலைன்னா அடைப்புன்னு அர்த்தமில்லைங்க" என்றார்.

கடலூரில் டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டும் பார்த்துவிட்டார். கட்டி இல்லை. அடுத்த மாதம் மறுபடி அழுத்தச் சோதனை. நீர் வற்றாவிட்டால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பாராம். வைக்கட்டும். வெளியே வந்ததும் அக்காவுக்குத்தான் முதலில் போன் போட்டேன், வலது காதில் வைத்து.