ஆறாம் வகுப்புச் சான்றுக்காக அலைந்த இரண்டு மாதம்

என் மகளுக்கு 2023-ல் பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்தது. இப்போது நல்லபடியாகக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். ஆனாலும் அந்த மே, ஜூன் மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. மார்க் குறைந்ததால் வந்த கஷ்டம் இல்லை அது. ஒரு சான்றிதழில் 2016 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2017 என்று இருந்தது. அவ்வளவுதான்.

அவள் ஆறு முதல் எட்டு வரை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலும், அப்புறம் பன்னிரண்டு வரை பக்கத்து டவுன் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலும் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். அவள் அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். எங்களைப் பொறுத்தவரை அந்த ஒதுக்கீடு இருந்தால்தான் படிப்பு.

கணக்கு 91, இயற்பியல் 84, வேதியியல் 88. கணக்கு அப்படியே, மற்ற இரண்டும் பாதி, ஆகக் கட்-ஆஃப் 177. ஆன்லைனில் பதிவு செய்தது, பணம் கட்டியது எல்லாம் ஒரே சாயங்காலத்தில் முடிந்தது.

சான்றிதழில்தான் மாட்டிக்கொண்டோம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு வருடம் விடாமல் அரசுப் பள்ளியில் படித்ததாகக் காட்ட வேண்டும். மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், “ஒன்பதுல இருந்துதாம்மா நான் எழுதித் தர முடியும். அதுக்கு முன்னாடி படிச்சதுக்கு அந்த ஸ்கூல்ல வாங்கிட்டு வாங்க” என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

மே மாதத்தில் நடுநிலைப் பள்ளி பூட்டிக் கிடந்தது. பள்ளிக்குப் பின்னால் குடியிருக்கும் சத்துணவு அம்மாவிடம் நம்பர் வாங்கித் தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டேன். வெளியூரில் இருந்தவர் நான்கு நாள் கழித்து வந்து, எனக்காகவே ஆபீஸைத் திறந்து, லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார். கையெழுத்து இருக்கிறதா, சீல் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். நன்றி சொல்லிவிட்டுக் கவரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து வரி வரியாகப் படித்திருந்தால் மிச்சக் கதையே நடந்திருக்காது.

அப்லோட் செய்து பல நாள் கழித்து, சான்றிதழ் சரிபார்ப்பில் ஏற்கப்படவில்லை, கலந்தாய்வுச் சேவை மையத்துக்கு நேரில் வரவும் என்று தகவல் வந்தது. காலை பஸ்ஸைப் பிடித்துப் போய் வரிசையில் நின்று எங்கள் முறை வர மதியம் ஆகிவிட்டது. மேஜையில் இருந்தவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல 2017-ல இருந்துதான் இருக்கு. ஆறாவது எங்க படிச்சா?” என்றார்.

அதே பள்ளிதான் சார் என்றேன். 2016-லிருந்து 2019 வரை மூன்று வருடம் என்றேன். பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் எமிஸ் நம்பர் இருக்கிறதே, கம்ப்யூட்டரில் பார்த்தால் தெரியாதா என்றும் கேட்டேன். “சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அதைத்தாம்மா நான் பார்க்க முடியும். திருத்தி வாங்கிட்டு வாங்க” என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். எத்தனை நாளைக்குள் வர வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்து என் மகள்தான் தேதியைக் கண்டுபிடித்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குள் ஜூன் பிறந்து, எழுதிக் கொடுத்த தலைமை ஆசிரியர் மே 31-ஆம் தேதியோடு ஓய்வு பெற்றிருந்தார். பொறுப்பில் இருந்த டீச்சர் கையெழுத்துப் போடத் தயங்கினார். “அவர் கொடுத்ததை நான் எப்படி மாத்தி எழுதுறது? நான் இந்த ஸ்கூலுக்கு வந்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது” என்றார். அவர் பயமும் எனக்குப் புரிந்தது. அவரோடு வாக்குவாதம் செய்யவில்லை. சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தால் போதும் டீச்சர் என்று கேட்டுக்கொண்டேன்.

பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து, முதுகில் துணி ஒட்டிய பெரிய நோட்டு ஒன்றை எடுத்தார். பக்கங்கள் ஓரத்தில் பொடிந்திருந்தன. விரலை வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். என் மகள் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு ஆறு, 2016 ஜூன். அந்த வருடத்து விண்ணப்பக் கட்டையும் பிரித்துப் பார்த்தார். அவள் விண்ணப்பத்தின் அடியில் என் கையெழுத்து இருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். பதிவேட்டுச் சேர்க்கை எண்ணையும் குறிப்பிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தார். இந்த முறை மகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

அதே சேவை மையம், அதே மேஜை. ஐந்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

இதில் நான் செய்த இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். எட்டாவது முடித்ததும் கொடுத்த டி.சி.யில் பள்ளியில் சேர்ந்த தேதி, விட்ட தேதி இரண்டும் இருக்கும். ஒன்பதாவதில் சேர்க்கும்போது அசலை அப்படியே கொடுத்துவிட்டோம், ஒரு ஜெராக்ஸ்கூட எடுத்து வைக்கவில்லை. அந்த நகல் கையில் இருந்திருந்தால் வருடம் தப்பாக இருப்பது அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் காலாண்டு விடுமுறைக்கு முன்பே பழைய பள்ளிக்குப் போய்ச் சான்றை வாங்கி வையுங்கள். பள்ளி திறந்திருக்கும், ஆளும் இருப்பார்கள், அவசரமும் இருக்காது.

இதற்கு நடுவில் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் அலைந்தேன். 7.5-ல் கிடைக்காமல் பொதுப் பிரிவில் கிடைத்தால் கட்டணச் சலுகைக்கு உதவும் என்று அதற்கும் விண்ணப்பித்தோம். இ-சேவை மையத்தில் சான்றுகளுக்கு விண்ணப்பிக்கத் தேவையான கேன் (CAN) என்ற பதிவு நம்பரைப் போட்டதும் ஓ.டி.பி. எங்கள் போனுக்கு வரவில்லை. முன்பு சாதிச் சான்று எடுத்தபோது கேன் பதிவு செய்த பையன், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன் நம்பரையே கொடுத்திருக்கிறான். அந்தக் கடை இப்போது இல்லை. விசாரித்து விசாரித்து அவனைப் போனில் பிடித்து, அவன் ஓ.டி.பி. சொல்ல, இங்கே தட்டச்சு செய்தார்கள். நல்லவேளை, பழைய சிம்மை அவன் மாற்றவில்லை. உங்கள் கேனில் எந்த நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளை வருடா வருடம் சரிபார்ப்பது. மே, ஜூனில் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி நடக்கும்போது வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யும் கணக்குப் புத்தகங்களோடு அங்கேதான் இருப்பார்கள். வி.ஏ.ஓ. ஆபீஸ் பூட்டைப் பார்த்துவிட்டு மூன்று முறை வெறுங்கையோடு திரும்பினேன். நான்காம் முறை நேராகத் தாலுகா ஆபீஸுக்கே போய், மதிய இடைவேளையில் வேப்ப மரத்தடியில் வி.ஏ.ஓ.வைப் பார்த்துச் சொன்னேன். குடும்பத்தில் யாரும் பட்டம் படிக்கவில்லை என்பதற்கு என் மாமனார், மாமியார் விவரம்வரை கேட்டார். எல்லாம் கையில் வைத்திருந்ததால் அன்று மாலையே பரிந்துரைத்தார்.

விருப்பப் பட்டியலை மகளே பார்த்துக்கொண்டாள். போன வருடக் கட்-ஆஃபை இனவாரியாக எடுத்து, ஒரு நோட்டில் 47 வரிசை எழுதினாள். கிடைக்குமா என்று பார்க்காமல் எது வேண்டுமோ அதை மேலே போட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தாள். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பாடத்துக்கு சுயநிதிப் பிரிவும் தனிக் குறியீட்டோடு இருக்கும். அதைக் கவனிக்காமல் போட்டால் கட்டணம் மாறிவிடும். ஆளாளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு என்றார்கள். அவள் ட்ரிபிள் ஈ (மின்சாரம், மின்னணுவியல்)தான் என்றாள், அதுவே மூன்றாவது விருப்பத்தில் கிடைத்தது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் சும்மா இருந்துவிடக் கூடாது. ஏற்றுக்கொள்கிறோமா, மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறோமா என்று குறித்த நேரத்துக்குள் உறுதி செய்தால்தான் சீட் நிற்கும்.

கல்லூரியில் சேரும் நாளன்று கவுன்ட்டரில் கல்விக் கட்டணம் கேட்டார்கள். ஒதுக்கீட்டு ஆணையில் 7.5 என்று இருந்த இடத்தை மகள் விரலால் காட்டினாள். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தவர், “சரிம்மா, கட்ட வேண்டாம்” என்றார். ரசீது வாங்க நின்ற கூட்டத்தை விட்டு வெளியே வந்து அங்கேயே திண்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இந்த வருடம் என் மகன் அதே நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடித்தான். டி.சி. வாங்கிய கையோடு அக்காவுக்குப் போன் போட்டு, சேர்ந்த தேதியையும் விட்ட தேதியையும் படித்துக் காட்டினான். அப்புறம்தான் மூன்று ஜெராக்ஸ் எடுக்கப் போனோம்.