அக்கா பையில இருந்த கருவேப்பிலை

நேத்து காலைல மாடிக்கு தண்ணி ஊத்தப் போனா கருவேப்பிலை செடில நுனித் துளிரெல்லாம் சுருண்டு கெடக்கு. திருப்பிப் பாத்தா எள்ளைவிட சின்னதா, தட்டையா, மஞ்சள் கலர்ல குஞ்சுப் பூச்சிங்க வரிசையா ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒவ்வொண்ணு பின்னாடியும் சேமியா துண்டு மாதிரி வெள்ளையா சுருள் மெழுகு. மேல ரெண்டு பெருசு வேற, பழுப்பு நிறம், தலைய இலைல குத்திக்கிட்டு பின்பக்கத்த 45 டிகிரிக்கு தூக்கி வச்சுருக்கு. அந்த போஸ பாத்தாலே தெரிஞ்சுரும், சில்லிட், எலுமிச்சை வகைச் செடில சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி.

வேப்ப எண்ணெய்ய தேடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து கலிபோர்னியால இருக்க அக்காவுக்கு அனுப்பிட்டேன், ஏன்னா அவளுக்கும் இந்தப் பூச்சிக்கும் பழைய பகை. போன தடவை இங்கேர்ந்து திரும்பிப் போறப்ப அம்மா நியூஸ்பேப்பர்ல சுத்திக் குடுத்த கருவேப்பிலைய ஏர்போர்ட்ல புடுங்கி குப்பைல போட்டுட்டாங்க. "ரெண்டு கொத்து இலைக்கு குண்டு கொண்டு வந்த மாதிரி பாக்குறாங்கடி"ன்னு ஒரு வாரம் புலம்புனா, நானும் கூட சேந்து திட்டுனேன். அப்புறம் உக்காந்து படிச்சப்பதான் நாம திட்டுனது கொஞ்சம் ஓவர்னு தோணுச்சு.

விஷயம் என்னன்னா கருவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். ரெண்டு இலையையும் வெயிலுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, ஊசியால குத்துன மாதிரி புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரியும், அதெல்லாம் எண்ணெய்ப் பை. எலுமிச்சைல லிமோனீன் தூக்கலா இருக்கும், கருவேப்பிலைல பைனீன், கேரியோஃபிலீன்னு வேற கலவை, அதான் வாசனை வேற. வில்வம், விளா, நார்த்தை, மாணிக்கவாசகர் கதைல வர்ற குருந்த மரம் எல்லாமே இந்தக் குடும்பம்தான். சில்லிட்டுக்கு இந்த சொந்தபந்தம் நம்மளவிட நல்லா தெரியும், அதுவும் இளந்துளிர் இருந்தாதான் முட்டையே வைக்கும்.

பூச்சி சாறு குடிக்கிறது பெரிய பிரச்சனை இல்ல, அது சுமந்துட்டு வர்ற கிருமிதான் பிரச்சனை. எலுமிச்சை, ஆரஞ்சு மரத்துக்கு வர்ற கிரீனிங் நோய், சீனாக்காரங்க பாஷைல ஹுவாங்லாங்பிங். அந்த பாக்டீரியா மரத்தோட சர்க்கரை போற குழாய்க்குள்ள உக்காந்துக்கும், வழி அடைபட்டு இலைல மாவுச்சத்து தேங்கி ஒரு பக்கம் மஞ்சள் ஒரு பக்கம் பச்சைன்னு திட்டுத்திட்டா ஆகும் (துத்தநாகக் குறைன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளாகும், அதுல பலபேர் ஏமாந்துடுறாங்க), பழம் கோணலா கசப்பா போயிரும், மருந்து கெடையாது. ஃப்ளோரிடாவுல 1998ல பூச்சி வந்துச்சு, 2005ல நோய கண்டுபிடிச்சாங்க. 2003-04ல 24 கோடி பெட்டி ஆரஞ்சு எடுத்த ஊரு, 2024-25ல சுமார் 1.2 கோடி பெட்டிதான். புயல் வேற அடிச்சுதுதான், ஆனா முதுகெலும்ப உடைச்சது இந்த நோய்தான்.

கலிபோர்னியாவுல 2009ல ஃபிரெஸ்னோங்கிற ஊர்ல மோப்ப நாய் ஒரு பைய கண்டுபிடிச்சுது, இந்தியாலேர்ந்து வந்தது, உள்ள கருவேப்பிலை, அதுல சில்லிட், டெஸ்ட் பண்ணா கிரீனிங் கிருமி. இத படிச்சதும் நான் அம்மாவோட நியூஸ்பேப்பர் பொட்டலத்த நினைச்சுக்கிட்டேன்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச இடம் இனிமேதான். கருவேப்பிலை செடிக்கு அந்த நோய் வராது! ஆராய்ச்சில கிருமி உள்ள பூச்சிய விட்டுப் பாத்தும் கிருமி அதுல தங்கல. பூச்சி மட்டும் குடியிருக்கும். இத வச்சே ஒரு வேலை பண்ணாங்க. மார்க் ஹாடில்னு கலிபோர்னியா ரிவர்சைடு பல்கலைக்கழகத்து பூச்சியியல்காரர், 2010லேர்ந்து பாகிஸ்தான் ஃபைசலாபாத் பக்கம் போய் டாமரிக்ஸியா ரேடியாட்டாங்கிற குட்டிக் குளவிய புடிச்சுட்டு வந்தாரு. 1 மில்லிமீட்டர்தான் இருக்கும். சில்லிட் குஞ்சோட வயித்துக்கு அடில முட்டை வைக்கும், புழு பொரிச்சு குஞ்ச உறிஞ்சிட்டு, கூட்ட ஓட்டை போட்டு வெளிய வரும். சோதனையெல்லாம் முடிச்சு 2011 டிசம்பர்ல வெளிய விட்டாங்க. இந்தக் குளவிய ஆயிரக்கணக்குல வளர்க்கணும்னா சில்லிட் வேணும், சில்லிட் வளர்க்க நோய் ஒட்டாத, சும்மா சும்மா துளிர் விடுற செடி வேணும். வேற எது, கருவேப்பிலைதான்.

இத சொன்னதும் அக்கா, "அப்போ பூச்சிய கொன்ன குளவிக்கு விசா உண்டு, என் ரசத்துக்கு தாளிக்க இலை கெடையாது, அப்படித்தானே"ன்னா.

சரி நம்ம செடிக்கு வருவோம். இன்னிக்கு காலைல பழைய லென்ஸ வச்சு ஒவ்வொரு துளிரா பாத்தேன். குஞ்சுங்க பெரும்பாலும் உயிரோட இருக்கு. மூணு மட்டும் பழுப்பாகி காஞ்சு ஒட்டிக்கெடக்கு, அதுல ஒண்ணுல மார்புப் பக்கம் வட்டமா ஒரு ஓட்டை. அதே குளவியா வேற எதுவுமான்னு என்னால சொல்ல முடியாது, ஆனா யாரோ வேலை பாக்குறாங்க. அதனால வேப்ப எண்ணெய் இப்போதைக்கு வேண்டாம். சில்லிட் விடுற இனிப்புக்காக எறும்பு சாரைசாரையா ஏறுது, குளவிய கிட்ட விடாம விரட்டுறதே இதுங்கதானாம், கலிபோர்னியாலயும் இதே ரோதனை. தண்டச் சுத்தி துணி கட்டி வேஸ்லின் தடவி விட்டுருக்கேன், நாளைக்குப் பாக்கணும்.