ஓடும் சார்

“ஊருக்குப் போய்வர தொந்தரவு ஒண்ணும் இல்லையேபா?”

“தாராளமா ஓடும் சார்.”

பேச்சு இவ்வளவுதான். சத்துவாச்சாரியில் நம்ம மெக்கானிக் ஷெட் வாசலில், போன வருஷம் கத்திரி வெயிலில். இன்னமும் ஸ்டீயரிங்கில் கை வைக்கும்போதெல்லாம் அந்த “தாராளமா” காதில் விழுகிறது. வெறும் “ஓடும்” போதாதா? தாராளம் எதற்கு?

கேட்டவர் ரிட்டயர்டு வாத்தியார். 2010 மாடல் வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அந்த வயசுக்கு வரவேண்டியதெல்லாம் வந்திருந்தது. லிங்க் ராடு கடகடவென்றது, லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தது, என்ஜின் மவுண்டிங் உட்கார்ந்துபோய் ஏசி போட்டால் டேஷ்போர்டே நடுங்கியது. அவருக்கு அதெல்லாம் பெரிசில்லை. ஹாரன் அடிக்கவில்லை, மீட்டரில் ஏர்பேக் லைட் அணையவில்லை. அதுதான் குறை.

இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் கிளாக் ஸ்பிரிங்தான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் நாடா வயர், திருப்பித் திருப்பி அறுந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பத்து நிமிஷம் பொறுத்து, ஏர்பேக்கை எடுத்து பெஞ்சில் மல்லாக்க வைத்தேன். என் கையில்தான் இருந்தது அது.

எனக்குத் தெரியாமலும் இல்லை. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டர் ஒரே ஜப்பான் கம்பெனியுடையது. உள்ளே இருக்கிற அம்மோனியம் நைட்ரேட் வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டு வருஷக்கணக்கில் கெட்டுப்போகும். விபத்தில் வெடிக்கும்போது பை விரிவதோடு நிற்காமல் இரும்புக் கூடே சிதறி முகத்துக்கு வரும். கோடிக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப வரவழைத்து மாற்றினார்கள், அதுதான் ரீகால். அந்த ஜப்பான் கம்பெனி 2017இல் திவாலானது. இந்தக் கோளாறுக்கு லைட்டும் எரியாது.

அவர் கேட்டது லைட்டைப் பற்றி. நான் லைட்டை அணைத்துக் கொடுத்தேன். ஹாரனும் அடித்தது. வாங்கின கூலிக்கு வேலை சுத்தம்.

சொல்லவே இல்லை என்றும் இல்லை. “ஒருதரம் ஷோரூம்ல சேசிஸ் நம்பரைக் காட்டிடுங்க சார், ரீகால் ஏதாச்சும் இருக்கும்” என்றேன், ரூபாயை எண்ணிக்கொண்டே. “அங்க போனா பத்தாயிரம் கறந்துடுவாம்பா” என்றார். ரீகால் வேலைக்குப் பைசா வாங்கமாட்டார்கள் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சிரித்துவிட்டேன். அங்கே போனால் லோயர் ஆர்ம் வேலையும் போய்விடும் என்று நினைத்தேனா? நினைக்கவில்லை என்று சத்தியம் பண்ண முடியாது. ஷெட்டுக்கு வாடகை இருக்கிறது.

ஆனால் எல்லாம் என் தலையில்தானா? 2021இல் வந்த ரீகால் விதி ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிக்குத்தான். பழைய வண்டிக்குக் கார் கம்பெனியாகப் பார்த்துக் கடுதாசி போட்டால் உண்டு. அந்தக் கடுதாசியும் முதல் ஓனர் வீட்டுக்குப் போகும், அவர் வீடு மாறியிருப்பார். கை மாறின வண்டிக்கு யார்தான் சொல்வது? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் மெக்கானிக்கிடம்தான் வந்து நிற்கிறது.

இரண்டு மாசம் கழித்து அவர் வண்டியின் ஆர்.சி. ஜெராக்ஸ் கண்ணில் பட்டது. சேசிஸ் நம்பரின் பதினேழு எழுத்தையும் கார் கம்பெனி வெப்சைட்டில் போட்டேன். ரெண்டு நிமிஷ வேலை. டிரைவர் பக்க இன்ஃப்ளேட்டர் மாற்றவேண்டியது பாக்கி என்று வந்தது. வாத்தியாருக்குப் போன் போட்டேன்.

“அத குடியாத்தத்துல ஒருத்தருக்குக் குடுத்துட்டேனேபா. தாராளமா ஓடும்னு நீ சொன்னதத்தான் அவர்கிட்டயும் சொன்னேன்.”

அதிலிருந்து பில் அடியில் ‘ரீகால் பார்க்கவும்’ என்று எழுதுகிறேன். தொகைக்குக் கீழே எழுதுவதால் யாரும் அதுவரை படிப்பதில்லை. மேலே எழுதலாம்தான்.

வண்டியை விற்றுக் கொடுத்த புரோக்கரையும் பிடித்தேன். வாங்கினவர் நம்பர் கேட்டதும் அவர் குரல் மாறியது. “இன்னா விஷயம்பா, வண்டில ஏதாச்சும் கம்ப்ளெயிண்டா?”

“இல்லண்ணே, சும்மாதான்” என்றேன்.