சேர்ந்து வாழும் கினிப் பன்றிகளின் கடிக்காயம்

கடிக்காயம் பெரும்பாலும் பின்புறத்திலோ காதிலோ இருக்கும். முடி மறைத்துவிடும், விரலால் எதிர்த்திசையில் கோதிப் பாருங்கள். சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து, அரை லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்துக் கழுவுங்கள். பிறகு வெளிறிய தேநீர் நிறத்துக்கு நீர்த்த பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டவே வேண்டாம், ஆறிவரும் சதையையே அரித்துவிடும்.

வீட்டிலிருக்கும் அமாக்சிசிலின் ஆன்டிபயாடிக்கைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து உயிரே போய்விடும். நக்கக்கூடிய இடத்தில் மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் களிம்பும் ஆகாது. மேல்தோல் மூடி உள்ளே கட்டி திரண்டால் பிதுக்காதீர்கள்; சீழ் கெட்டியாக இருக்கும், கால்நடை மருத்துவர்தான் கீறி எடுக்க வேண்டும்.

இரத்தம் வரக் கடித்த ஜோடியைக் கம்பிவலைத் தடுப்பால் பிரித்து வையுங்கள். பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும் முடிந்தால் பழக்கம் விட்டுப்போகாது. சொறிந்து வந்த புண் என்றால் பெரும்பாலும் சொறி உண்ணிதான். அப்போது கூண்டிலுள்ள எல்லாக் கினிப் பன்றிகளுக்கும் ஒருசேர மருந்து தேவை.