அவர் போன திகதி

ஜனவரி 19
விவாகரத்து விஷயமாகக் கிளிநொச்சியில் சட்டத்தரணியைப் பார்த்தேன். "இருவருக்கும் சம்மதம்தானே, கையெழுத்துப் போட்டால் முடியாதா?" என்று கேட்டேன். முடியாதாம். 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டம் விவாகரத்துக்கு ஏற்பது மூன்றே காரணங்கள்: மணமான பின் பிறர் தொடர்பு, வன்மமாகக் கைவிட்டுப் போதல், மணமானபோதே இருந்த தீராத ஆண்மையின்மை. ஒருவர் பிழைகாரராக வேண்டும். என் கணவர் என்னை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. பரந்தன் வரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 20
அவர் எங்களை விட்டுப் போன திகதி என்ன?

ஜனவரி 23
கச்சான் பிடுங்கிய காலம். அதுமட்டும் நினைவிருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்திய கிழமை என்கிறார் அம்மா. எனக்கு நிச்சயமில்லை. மனுவில் எழுதிவிட்டால் சத்தியம் செய்து சொல்ல வேண்டும்.

ஜனவரி 26
சின்னவனின் கிளினிக் கொப்பியில் இருந்தது! அன்று அவனுக்குக் காய்ச்சல். நான் ஆஸ்பத்திரியால் வந்தபோது அவருடைய மேசன் ஆயுதங்கள், சாந்தகப்பை, நீர்மட்டம், தூக்குக்குண்டு எதுவும் மூலையில் இல்லை. சாரங்கள் கொடியில் கிடந்தன.

பெப்ரவரி 2
போனது மட்டும் போதாதாம், திரும்பி வரும் எண்ணமில்லை என்பதையும் காட்ட வேண்டுமாம். சட்டத்தரணியிடம் அந்த மேசன் ஆயுதங்களைப் பற்றிச் சொன்னேன். "மேசன் தொழில் செய்கிறவர் அதையெல்லாம் எடுத்துப் போனாரா?" என்று எழுதிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வீட்டின் குசினிச் சுவரை அவர்தான் பூசினார். நான் நூல் பிடித்தேன். யன்னலுக்குக் கீழே அவருடைய பெருவிரல் அடையாளம் இன்னும் இருக்கிறது. இன்று அதைத் தொட்டுப் பார்த்தேன்.

பெப்ரவரி 9
அவர் போன் எடுத்தார். "என்னவென்றாலும் எழுது, நான் வர மாட்டேன்." நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் இருவரும் பேசிவைத்து வழக்காடியதாகத் தெரிந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிடும். இதைச் சட்டத்தரணியிடம் சொல்லத்தான் வேண்டும். இரவு முழுவதும் நித்திரை இல்லை.

பெப்ரவரி 10
சொன்னேன். உண்மையை மட்டும் சொல்லச் சொன்னார். அழைப்பாணை கிடைத்தும் அவர் வராவிட்டால் வழக்கை ஒருதலைப்பட்சமாக விளங்குவார்களாம்; அப்போதும் நான் சாட்சிக்கூண்டில் ஏற வேண்டும். தீர்ப்புக் கிடைத்தாலும் அது இடைக்காலத் தீர்ப்புத்தான், முடிவாவதற்குக் குறைந்தது மூன்று மாதம். சின்னவனுக்கான தாபரிப்புப் பணம் வேறு வழக்கு, நீதவான் நீதிமன்றத்தில்.

மார்ச் 3
மழை. ஒன்றும் எழுத மனமில்லை.

மார்ச் 17
அழைப்பாணை திரும்பி வந்துவிட்டது. அந்த முகவரியில் அவர் இல்லையாம்.

மார்ச் 18
விசுவமடுவில் அவருடைய தம்பி இருக்கிறார். கேட்டால் சொல்லுவாரா? காலை முதல் பஸ்ஸில் போகிறேன். கிளினிக் கொப்பியையும் எடுத்து வைத்திருக்கிறேன்.